சாமியாத்தாள் திருப்பிக் கொடுத்த வண்டல்

அந்தக் கம்பெனியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பயந்துகொண்டு அல்ல. எழுதினால் என் மீதும் ஒரு கேஸ் போடுவார்கள்; அப்புறம் சாமியாத்தா அக்காவோடு கோர்ட்டுக்குப் போய் உட்கார யார் இருக்கிறார்கள்? ஆகவே கம்பெனி என்று மட்டும் சொல்கிறேன். மைசூரில் கம்பெனிக்கா பஞ்சம்? யாருக்கு உறுத்துகிறதோ அவர்கள் தங்களைத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளட்டும்.

என் பெயர் மெட்டில்டா. நர்ஸ். காலை ஷிப்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில்தான் சாமியாத்தா அக்காவை எனக்குப் பழக்கம். தலையில் கூடையோடு எங்கள் தெருமுனையில் அவர் திரும்பும்போதே குரல் வந்துவிடும். தமிழ் வீடுகளுக்குக் "கீரேய்" என்றும் கன்னட வீடுகளுக்குச் "சொப்பூ" என்றும் மாற்றி மாற்றிக் கூவுவார். ஊர் மார்டள்ளி, கர்நாடக எல்லைக்குள் தமிழ் பேசுகிற கிராமம். கல்யாணமாகி மைசூருக்கு வந்து கொஞ்ச காலம் கட்டட வேலையில் சித்தாளாகக் கல் மண் சுமந்தார். கணவர் குப்புசாமி லக்கேஜ் ஆட்டோ ஓட்டுகிறவர். பேசுவதற்குக் கூலி கேட்பாரோ என்று தோன்றும், அவ்வளவு மௌனம். பேச்சையெல்லாம் இந்த அம்மாளே பேசிவிடுவதால் அந்த வீட்டில் கணக்கு நேராகிவிடும்.

சித்தாள் வேலையில் இடுப்பு விட்டுப்போனபிறகு, ஊருக்கு வெளியே மல்லம்மா என்கிற கன்னடத்து அம்மாளின் துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கீரை போட ஆரம்பித்தார். தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வருகிற ஓடை ஒன்று காவேரியில் போய் விழுகிற மூலை அது. தண்டுக்கீரை, அரைக்கீரை, வெந்தயக்கீரை, பாலக், கொத்தமல்லி. அங்கிருந்து எங்கள் தெருவுக்குக் கீரை வரும்போது வேரில் ஈரம் காய்ந்திருக்காது.

அவருடைய வியாபாரத்தில் ஒரு சட்டம் உண்டு. வாங்கிய கட்டு சரியில்லை என்றால் மறுநாள் திருப்பிக் கொடுக்கலாம். அழுகலோ, பூச்சியோ, புல் கலந்ததோ, காரணம்கூடக் கேட்கமாட்டார். பழைய கட்டை வாங்கிக்கொண்டு புதுக் கட்டு ஒன்றை நீட்டுவார். ஏமாற்றுகிறவர்களும் இருந்தார்கள். பாதிக் கட்டைச் சமைத்துத் தின்றுவிட்டு மீதியைக் கொண்டுவந்து நிற்பார்கள். நானே ஒரு நாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏன் அக்கா, உங்க தலையில மொளகா அரைக்கிறாங்களே, தெரியலியா?"

"தெரியாம என்னங் சிஸ்டரு. ஆனா கெட்டுப்போன சரக்கு வித்தவனுக்குத்தானுங் சொந்தம். வாங்குனவங்க வூட்டுல அது எதுக்குக் கெடக்கோணும்?"

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு கூத்தும் இதிலிருந்துதான் வந்தது.

இனி வண்டலைப் பற்றிச் சொல்லவேண்டும். மார்டள்ளிப் பக்கத்துச் சனங்களுக்கு ஒரு பழக்கம்: கோடையில் ஏரி வற்றினால் அடியில் கிடக்கும் வண்டலை அள்ளி வயலில் கொட்டுவார்கள். மண் எவ்வளவு கறுப்போ அவ்வளவு சத்து என்பது அவர்களுக்குப் பால் குடிக்கும்போதே ஊட்டப்பட்ட பாடம். அந்த ஊரில் அது சரிதான். அங்கே மண்ணைக் கறுப்பாக்குவது அழுகிய இலையும் ஆட்டுப் புழுக்கையும். அந்தப் பாடத்தை அப்படியே மைசூருக்கும் கொண்டுவந்துவிட்டார் அக்கா. கோடைதோறும் ஓடை ஆற்றில் சேருகிற வளைவில் தண்ணீர் இறங்கியதும் புருஷனும் பெண்டாட்டியும் அடிவண்டலை வாரி ஆட்டோவில் ஏற்றிப் பாத்தியில் பரப்புவார்கள். பல வருஷம் ஒரு குறையும் வரவில்லை. கீரை கொழுகொழு என்றுதான் வந்தது.

பிறகு ஓடையின் மேற்பக்கம் அந்தக் கம்பெனி வந்தது. பழைய ஆயில் பீப்பாய்களைக் கழுவி விற்பது ஒரு பக்கம், பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கி ஈயம் எடுப்பது இன்னொரு பக்கம். கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்துதான் வெளியே விடுகிறோம் என்று வாசலில் பச்சைப் போர்டு. போர்டில் ஒரு மரம், ஒரு பறவை, சிரிக்கிற ஒரு குழந்தை. பின்பக்கம் புதருக்குள் ஒரு குழாய். அதற்குப் போர்டு கிடையாது.

போன கோடையில் வண்டல் என்றைக்கும் இல்லாத கறுப்பு. மை போல இருந்தது. அக்கா பூரித்துப்போனார். "இந்த வருசம் மண்ணு நெம்ப நல்லாக் கறுத்திருக்குதுங் சிஸ்டரு" என்று என்னிடமே வந்து சொன்னார். வழக்கத்தைவிட அதிகமாக அள்ளிப் பாத்தி முழுக்கக் கனமாகப் பரப்பினார். விஷத்தைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து, கையால் கட்டி உடைத்து, பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல நிலத்தில் தேய்த்துவிட்டார்.

முதல் மழைக்கு அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் தெரு ஈவ்லின் டீச்சர் ஒரு கட்டு அரைக்கீரையைத் திருப்பினார். கெரசின் வாசனை அடிக்கிறதாம். அக்கா மோந்து பார்த்தார், புதுக் கட்டு கொடுத்தார், நேரே வீட்டுக்குப் போய்ப் புருஷனைப் பிடித்தார். ஆட்டோவில் டீசல் ஒழுகிக் கீரையில் பட்டுவிட்டது என்று அவர் முடிவு. பாவம் குப்புசாமி அண்ணன், அந்த ஆட்டோவைத் தீபாவளிக்குக்கூட அப்படிக் கழுவியிருக்கமாட்டார். மறுநாளும் கட்டுகள் திரும்பின. அதற்கு மறுநாள் இன்னும் கூடுதலாக. கடைசியில் பாத்தியில் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகத்தருகே கொண்டுபோனபோதுதான் வாசனை எங்கிருந்து வருகிறது என்று அவருக்குப் புரிந்தது.

அன்று கூடையில் கீரை இல்லாமல், ஒரு பாலித்தீன் பையில் மண்ணோடு என் வீட்டுக்கு வந்தார்.

"சிஸ்டரு, நீங்க ரத்தம் மூத்திரம் எல்லாம் டெஸ்டு பண்றீங்களே. மண்ணை டெஸ்டு பண்றவங்க ஆராச்சும் இருக்கறாங்களா?"

இருந்தான். என் அண்ணன் மகன் நீல், பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் படிக்கிறவன். நண்பர்களோடு வந்து, குழாய்க்கு மேலே ஓடைத் தண்ணீர், குழாய்க்குக் கீழே தண்ணீர், இரண்டு இடத்திலும் அடிமண், ஆற்று வளைவில் வண்டல், அக்காவின் பாத்தி மண், கீரை என்று எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்துப் போனான். முடிவு வந்ததும் எங்கள் வீட்டுக் கூடத்தில் அக்காவை உட்காரவைத்துச் சொன்னான்.

"கொழாய்க்கு மேல மண்ணு சுத்தமா இருக்கு. கீழ வந்தா ஆயில், ஈயம், குரோமியம், கேட்மியம் எல்லாம் இருக்கு. ஆத்து வளைவுல இன்னும் ஜாஸ்தி."

"தண்ணி தெளிவாத்தானே கண்ணு ஓடுது?"

"தண்ணி ஓடிருது. ஈயம் ஓடாது. அடியில போய் மண்ணோட ஒட்டிக்கும். வருஷக்கணக்கா அங்கயே உக்காந்திருக்கும்."

அக்கா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "கீரைக்குள்ள போயிருச்சா?" என்று மட்டும் கேட்டார். போயிருக்கிறது என்றான் நீல்.

இந்த இடத்தில் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? அந்தக் கீரைதான் அவர் வீட்டுச் சோறு. வாசனை போகிற மாதிரி நன்றாக அலசிக் கட்டி வேறு தெருவில் விற்றிருக்கலாம். மறுநாள் காலையில் அவர் வெறும் கூடையோடு வந்தார். வீடு வீடாக நின்று, "என்ற கீரையில வெசம் ஏறிப்போச்சுங்க. வாங்கி வெச்சிருந்தா கொட்டிப்போடுங்க. மாட்டுக்கும் போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு கம்பெனிக்காரன், ஒரே ஒருவன், தன் சரக்கைப் பற்றி இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்குக் கிடைத்த மரியாதையையும் சொல்கிறேன். ஈவ்லின் டீச்சரின் மகள் மரியா அப்போது நிறைமாதம். இரும்புச்சத்துக்கு என்று தினம் கீரை தின்றவள். டீச்சர் தெருவில் நின்று, "கொலைகாரி, என் பொண்ணு வயித்துல விஷத்தைப் போட்டியேடி!" என்று கத்தினார். அந்தத் தாயின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கத்தலைக் கம்பெனி வாசலில் போய்க் கத்த அவருக்குக் கால் வரவில்லையே. மரியாவுக்குக் குழந்தை பிறந்துவிட்டது. பார்க்க நன்றாக இருக்கிறது. ஈயம் குழந்தைக்குள் போனால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆகவே அந்தக் குழந்தை ஒவ்வொரு வார்த்தை பேசும்போதும் நான் காது கொடுத்துக் கேட்கப்போகிறேன். அக்காவின் ரத்தத்தைப் பார்த்தோம். இருக்கவேண்டியதைவிட அதிகமாகவே ஈயம் இருந்தது. விற்றது போக மிஞ்சியதைத் தினம் தின்றவர் அவர்தானே.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுத்தோம். பல நாள் கழித்து ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். நல்ல மழை பெய்து ஆறு நிறைந்து ஓடிய நாளாகப் பார்த்து வந்தார். கரையில் நின்றபடி, பேன்ட்டில் சேறு படாமல் குனிந்து, மேலாக ஓடுகிற தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்தார். அடிமண்ணையும் எடுங்கள் சார் என்று கெஞ்சினேன்.

"நம்ம ஆர்டர்ல தண்ணின்னுதான் இருக்கும்மா. மண்ணுன்னு இல்ல" என்றார்.

தண்ணீர் அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது என்று பதில் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். தண்ணீரில் மறைப்பதை அன்றுதான் பார்த்தேன்.

விஷயம் எப்படியோ ஒரு டிவிக்காரர் காதுக்குப் போயிற்று. குழாயைக் காட்டுவார்கள் என்று நாங்கள் நம்பினோம். கம்பெனி கேட்டுக்குள் கேமராவை விடவில்லை. அக்காவின் வயலுக்குக் கேட் இல்லை. ஆகவே அன்று சாயங்காலம் மைசூர் முழுக்க "விஷ சொப்பு" என்று அக்காவின் முகம்தான் ஓடியது. மறு நாளே அதிகாரிகள் ஜேசிபியோடு வந்துவிட்டார்கள். அந்த வேகத்தைப் பார்க்கவேண்டுமே! பாத்தி பாத்தியாகக் கீரையைப் புரட்டிப் போட்டார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்? போகும்போது ஒரு நோட்டீஸையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். வயலில் பரப்பியிருக்கும் மண் அபாயகரமான கழிவு, அதைச் சாகுபடி செய்பவர் தன் சொந்தப் பொறுப்பில் அகற்றவேண்டும், தவறினால் நடவடிக்கை.

நான் படித்துச் சொன்னதும் அக்கா சிரித்துவிட்டார். அவர் கோபத்தில் சிரிக்கிறவர் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"ஏனுங் சிஸ்டரு, ஆத்துல கெடந்தா அது மண்ணு. என்ற பாத்திக்கு வந்தா வெசமுங்களா?"

நிலத்துக்காரி மல்லம்மாவும் வந்து சண்டை போட்டார். "ஏன் மாடிதெ நீனு?" என்று வரப்பில் நின்று கேட்டார். என்ன காரியம் செய்தாய் நீ என்று. என் நிலத்தைக் கெடுத்துவிட்டாயே, இனி இதில் புல்லாவது முளைக்குமா என்று மாரில் அடித்துக்கொண்டார். மற்ற யார் திட்டியபோதும் கலங்காத அக்கா, அப்போது மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டு, மண்ணை எடுத்துவிடுகிறேன், கூடவே உன் நிலத்தைப் பழையபடி ஆக்கித் தருகிறேன் என்று தனக்குத் தெரிந்த கன்னடத்தில் வாக்குக் கொடுத்தார். நிலத்தைப் பழையபடி ஆக்க முடியாது என்று நீல் சொன்னது அவருக்கும் தெரியும். மண்ணை எடுப்பது மட்டும் அவர் கையில் இருந்தது.

எடுத்தார். குப்புசாமி அண்ணனும் அவரும் மேல்மண்ணைச் சுரண்டிச் சுரண்டிச் சாக்கில் கட்டினார்கள். கை உறைகளும் முகக்கவசமும் நான் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டுமென்றால் அதற்கும் என்மேல் கேஸ் போடட்டும். மூட்டைகள் வரப்பில் அடுக்கிக் கிடந்தன. இனி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் அக்கா என்றேன்.

"கொட்டறதா? எதுக்குங் கொட்டோணும்? சொந்தக்காரன் இருக்கறானே."

மூட்டைகளைக் கம்பெனி வாசலுக்குக் கொண்டுபோன காலையில் நானும் ஆட்டோவில் போனேன். எனக்கு அன்று லீவு. கம்பெனி பஸ் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்த நேரம். குப்புசாமி அண்ணன் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்க, அக்கா பச்சைப் போர்டுக்குக் கீழே ஒழுங்காக அடுக்கினார். வழி மறிக்கவில்லை. ஒரு மூட்டைகூடக் கிழியவில்லை. சந்தையில் கீரைக்கட்டு அடுக்குகிற அதே ஒழுங்கு. செக்யூரிட்டி ஓடிவந்து கத்தினார், பிறகு உள்ளே ஓடினார். மேனேஜர் ஹேமந்த் வெளியே வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, நல்ல தமிழ்.

"என்னம்மா இது, என்ன கொண்டாந்து போடறீங்க?"

"உங்க சரக்குங்க. தெரியாம எடுத்துப்போட்டன். கெட்டுப்போயிருக்குது, அதுதான் திருப்புறன்."

"எங்க சரக்கா? யாரு சொன்னது? இதுல விஷம் இருக்கு, எடுத்துட்டுப் போங்க! இங்க ஆளுங்க நடமாடற இடம்!"

அக்கா நிமிர்ந்து அவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். "வெசமுன்னு நீங்களே சொல்லிப்போட்டீங்களே" என்றார். பிறகு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டார். எனக்குக் கைதட்டத் தோன்றியது, கல்லெடுக்கவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை.

சாயங்காலத்துக்குள் போலீஸ் வந்துவிட்டது. பொது இடத்தில் அபாயகரமான கழிவைக் கொட்டி மக்கள் உயிருக்கு ஆபத்து விளைவித்ததாகச் சாமியாத்தாள் மீது வழக்கு. மூட்டைகளைக் கைப்பற்றி, சீல் வைத்து, மாதிரி எடுத்து அனுப்பினார்கள். இந்தத் தடவை மண்ணைத்தான் எடுத்தார்கள், பாட்டிலில் தண்ணீர் பிடிக்கவில்லை. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை. குழாய் இன்னமும் ஓடுகிறது. அந்த ஓடையை, அந்த ஆற்று மூலையை அசுத்தம் செய்ததற்காக நான் அறிந்து போடப்பட்ட ஒரே வழக்கு, அதைச் சுரண்டி எடுத்து மூட்டை கட்டிய பெண் மீதுதான். இதை எழுதும்போது பேனாவை உடைக்கவேண்டும் போல இருக்கிறது.

இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் உதயகுமார் நல்ல பையன். பொறுமையாக விளக்கினான். தப்பை ஒத்துக்கொண்டால் சின்ன அபராதத்தோடு முடிந்துவிடும், அதைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இல்லையென்றால் வருஷக்கணக்கில் வாய்தா வாய்தாவாக அலையவேண்டும்.

"சும்மா ஒத்துக்குங்கம்மா. ஒரு நாளோட போயிரும்."

எனக்கும் அது சரி என்றே பட்டது. அக்கா இப்போது மார்க்கெட்டில் மொத்தமாகக் கீரை வாங்கி வேறு தெருக்களில் விற்கிறார். கோர்ட்டுக்கு வருகிற நாளெல்லாம் அவர் வீட்டில் அடுப்புக்குக் கஷ்டம்தான். அவர் வக்கீலிடம் ஒன்று கேட்டார்.

"கேசு முடிஞ்சா அந்த மூட்டைங்கள என்னங் பண்ணுவாங்க?"

"கைப்பத்தின பொருளை அதுக்குச் சொந்தக்காரங்க யாரோ அவங்ககிட்ட ஒப்படைக்கணும், இல்ல அவங்க செலவுல அழிக்கணும். அப்படித்தான் வழக்கமா உத்தரவு வரும்."

"நான் ஒத்துக்கிட்டா?"

உதயகுமார் பேனாவைக் கீழே வைத்தான். "அப்போ அது உங்க பொருள்னு ஆயிரும்" என்றான்.

அக்கா தலையை ஆட்டிக்கொண்டார்.

கோர்ட்டில் அவர் பெயரைக் கூப்பிட்டபோது நான் பின்வரிசை பெஞ்சில் இருந்தேன். கம்பெனி தரப்பில் ஹேமந்தும் பெரிய வக்கீலும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நீதிபதி கன்னடத்தில் கேட்டதை உதயகுமார் தமிழில் சொன்னான்: குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா? அக்கா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, தெருவில் கூவுகிற அதே குரலில் சொன்னார்.

"மூட்டைய வெச்சது நான்தானுங் சாமி. அதுக்கு என்ன பண்ணுனாலும் பண்ணுங்க. ஆனா வெசம் என்னுது இல்லீங்க. ஆருதுன்னு நீங்க கேட்டுச் சொல்லோணுமுங்க. சொல்றவரைக்கும் நான் வந்துக்கிட்டே இருக்கறன்."

உதயகுமார் அதைக் கன்னடத்தில் சொல்லி முடித்தபோது, ஹேமந்த் குனிந்து தன் ஷூவின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதி எழுதிக்கொண்டார். மண்ணின் சோதனை முடிவைத் தாக்கல் செய்யச் சொல்லி வழக்கைத் தள்ளிவைத்தார்.

வெளியே வந்ததும் அக்காவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். பக்கத்தில் ஒரு பெண், அக்காவிடம் முந்தின நாள் கொத்தமல்லி வாங்கியவராம், அடையாளம் கண்டுகொண்டு கிட்டே வந்து கட்டுக்குள்ளே பாதி அழுகல் என்றார். அக்கா முகம் சுளிக்கவில்லை.

"நாளைக்கு எடுத்துட்டு வாங்க தாயி. மாத்திக் குடுத்தறன்" என்றார்.